இயற்கை எய்தினார்

"காலமானார்னு போடவா சார், இறைவனடி சேர்ந்தார்னு போடவா?" என்று பர்வீன் கேட்டாள். இயற்கை எய்தினார்னு போடும்மா என்றேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எங்கள் ஆட்கள் வந்தால் அப்படித்தான் சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். துறையூரில் கறுப்புச் சட்டைக்காரர்கள் வீட்டுச் சாவு நோட்டீஸ் முக்கால்வாசி இந்த ஜெராக்ஸ் கடையில்தான் அடிக்கிறோம். நானே ஏழெட்டுப் பேருக்கு இதே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வாசகம் சொல்லியிருக்கிறேன். கருமாதி, பிண்டம், ஐயர் எதுவும் எங்களுக்குக் கிடையாது. படத்திறப்பு என்று ஒன்று வைத்து நாலு பேர் பேசுவோம், டீ குடிப்போம், கலைந்துபோவோம். வருகிற ஞாயிற்றுக்கிழமை படத்திறப்பு. இந்தத் தடவை படம் என் மனைவியுடையது. "பேர் சொல்லுங்க சார்" என்றாள் பர்வீன். சௌந்தரவல்லி என்றேன். சொல்லிவிட்டு ஒரு நிமிஷம் தயங்கினேன். முப்பத்துநாலு வருஷத்துக்கு முன்னால் எங்கள் கல்யாண மேடையில் இயக்கத்துப் பெரியவர் ஒருவர் மைக்கைப் பிடித்து, மணமகளுக்கு இன்றுமுதல் எழிலரசி என்று பெயர் என்று அறிவித்தார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அதற்குப் பிறகு எழில் என்று யார் கூப்பிட்டாலும் அவள் திரும்பியதில்லை. சண்டை போடவில்லை, மறுக்கவில்லை, காதில் விழாத மாதிரி இருந்துவிடுவாள். ஒரு மாதம் பார்த்துவிட்டு நானும் சௌந்தரம் என்றே கூப்பிட ஆரம்பித்தேன். அந்த ஒரு விஷயத்தில்தான் அவள் என்னை ஜெயித்தாள் என்று நினைக்கிறேன். மற்றதில் எல்லாம் நான்தான் பேசினேன். சௌந்தரவல்லி, அம்பத்தெட்டு வயது, இயற்கை எய்தினார். இதில் இயற்கை எங்கே இருக்கிறது. வாய் பழகிப்போய்விட்டது, சொல்லிவிட்டேன்.

சுவர்க் கடிகாரத்தில் மணி பத்தே முக்கால். பதினொன்றே காலுக்கு இசைமொழிக்கு வகுப்பு கிடையாது. கோயம்புத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் என் மகள். எட்டு நாள் இங்கே இருந்துவிட்டு, பரீட்சை நேரம் லீவு கிடைக்காது என்று போய்விட்டாள். நேற்றுச் சாயங்காலம் போன் பண்ணினாள். குரல் கொஞ்சம் தெளிந்திருந்தது. "அப்பா, நீங்க திட்டாதீங்க. கூட வேலை பாக்கற டீச்சர் ஒருத்தங்க ஒரு ஜோசியர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க. அம்மாவுக்கு அம்பத்தெட்டுல கண்டம் இருந்துச்சாம். யார் என்ன பண்ணியிருந்தாலும் தப்பியிருக்காதாம்" என்றாள். நான் திட்டவில்லை. சரிம்மா என்றேன். ஜாதகமே எழுதாமல் வளர்த்த பெண். பிறந்த நேரத்தைக்கூடக் குறித்து வைக்கவில்லை, யாராவது கேட்டால் ஆஸ்பத்திரியில் கடிகாரம் நின்றிருந்தது என்று நக்கலாகச் சொல்வேன். அந்தப் பெண் அம்மாவின் ஜாதகத்தைத் தாய்மாமனிடம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்திருக்கிறாள். நான் சரிம்மா என்கிறேன். ஏன் போனாள் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு ஒன்பது நாற்பதுக்கு சௌந்தரம் அவளைக் கூப்பிட்டிருக்கிறாள். போன் ஸ்டாஃப் ரூமில் கைப்பையில் கிடந்தது. இவள் வகுப்பில் நின்றுகொண்டிருந்தாள். பார்த்தபோது மணி பன்னிரண்டு, திருப்பிக் கூப்பிட்டாள், யாரும் எடுக்கவில்லை. அந்த ஒரு அழைப்பை வைத்துக்கொண்டு பதினோரு நாளாக அவள் சாகிறாள். நான் எடுத்திருந்தா அம்மா இருந்திருப்பாங்கப்பா என்று என் மடியில் படுத்துக்கொண்டு அழுதாள். மூன்றாம் நாள் கேட்டாள், காலைல அம்மா உங்ககிட்ட எதுவுமே சொல்லலியாப்பா என்று. ஒண்ணும் சொல்லலம்மா, நல்லாத்தான் இருந்தா என்றேன். அவள் தலையைத் தடவிக்கொண்டே சொன்னேன்.

அது முதல் பொய் இல்லை. முதலில் டாக்டரிடம் சொன்னேன். காலையிலயே அறிகுறி இருந்திருக்குமே, ஒண்ணும் சொல்லலியா என்று அவர் கேட்டார். அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை, படிவம் நிரப்புகிற தோரணைதான். இல்லீங்க என்றேன். அப்புறம் சௌந்தரத்தின் தம்பி தருமலிங்கம் கேட்டான். அவனிடமும் இல்லை. மூன்று தடவை சொன்னதும் அது நடந்த விஷயம் மாதிரியே ஆகிவிட்டது. தருமலிங்கம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "விதி மச்சான். அக்காவுக்கு அவ்வளவுதான் எழுதியிருக்கு. நீங்க மனச விட்டுடாதீங்க" என்றான். இருபது வருஷமாக அவனோடு இதே வார்த்தைக்காக மல்லுக்கட்டியிருக்கிறேன். எழுதினவன் யாரு, எந்த மொழியில எழுதினான், எழுத்துப்பிழை இருந்தா யார் திருத்துவாங்க என்றெல்லாம் அவனை மடக்கிச் சிரிக்கவைத்திருக்கிறேன். அன்றைக்கு அவன் கைக்குள் என் கை இருந்தது, நான் இழுத்துக்கொள்ளவில்லை. வந்தவர்கள் எல்லாரும் அதையே கொண்டுவந்தார்கள். பக்கத்து வீட்டம்மா, பால்காரர், ரிட்டயர்டு ஆன என் ஆபீஸ் ஆட்கள். நேரம் சார். ஆயுசு அவ்வளவுதான் சார். நம்ம கையில என்ன இருக்கு. எவ்வளவு சுலபமாகக் கொடுக்கிறார்கள். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டால் போதும், ராத்திரி தூக்கம் வரும். நம் கையில் என்ன இருக்கிறது என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டால் இந்தக் கை என் கை இல்லை என்று ஆகிவிடும். விதி என்பது கோழைகளுக்குத்தான் தேவை என்று மேடை மேடையாகப் பேசினேனே, கோழைக்கு அது எவ்வளவு தேவை என்று இப்போதுதான் தெரிகிறது.

முப்பத்தோரு வருஷம் மின்சார வேலை, அதில் கடைசிப் பதினாலு வருஷம் லைன் இன்ஸ்பெக்டர். விபத்து நடந்தால் ஒரு அறிக்கை எழுத வேண்டும். இடம், நாள், நேரம், அடிபட்டவர் பெயர், அப்புறம் காரணம் என்று ஒரு கட்டம். அந்தக் கட்டம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். எங்கள் கூட்டங்களில் அதைச் சொல்லிச் சொல்லியே கை தட்டல் வாங்கியிருக்கிறேன். அந்தக் கட்டத்தில் விதி என்று எழுத முடியுமா தோழர்களே, எழுதினால் மேலிடம் திருப்பி அனுப்பும். அம்புரோஸ் என்று ஒரு லைன்மேன் கம்பத்தில் ஏறி அங்கேயே போய்விட்டான். சுவிட்சை இறக்கியாயிற்றா என்று பார்க்காமல் ஏறிவிட்டான். நான் அப்படியே எழுதினேன். இணைப்பு துண்டிக்கப்பட்டதை உறுதி செய்யாமல் ஏறியது. பிழை இல்லாத வாக்கியம். அவன் மனைவி எங்கிருந்தோ கேள்விப்பட்டு ஆபீசுக்கு வந்தாள். "செத்தவர் மேலயே போட்டுட்டீங்களே சார். விதின்னு எழுதக்கூடாதா" என்று கேட்டாள். அப்படி எழுத முடியாதும்மா என்று அரைமணி நேரம் அவளுக்கு விளக்கினேன். காரணம் தெரிந்தால்தானே அடுத்தவன் பிழைப்பான் என்றேன். அவள் தலையைத் தலையை ஆட்டினாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சௌந்தரத்திடம் அதைப் பெருமையாகச் சொன்னேன். அவள் தோசையைத் திருப்பிக்கொண்டே, பாவம், அந்தப் பொண்ணுக்கு ஒரு வாய் தண்ணி குடுத்தீங்களா என்று கேட்டாள். இல்லை. தண்ணீர் கொடுக்கவில்லை. எனக்கு அது தோன்றவே இல்லை.

இப்போது என் கட்டத்தை நான் நிரப்ப வேண்டும். இடம் எங்கள் வீட்டுச் சமையலறை வாசல். நேரம் காலை ஒன்பது. நான் வாசலை ஒட்டிய கண்ணாடி முன்னால் சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன், கறுப்புச் சட்டை. முசிறியில் ஒரு தோழருக்குப் படத்திறப்பு, நான்தான் சிறப்புரை. அவள் காபி டம்ளரை மேசையில் வைத்துவிட்டு நின்றாள். போகாமல் நின்றாள். என்ன என்றேன். "ராத்திரி கல்யாணக் கனவு வந்துச்சுங்க" என்றாள். கல்யாணம் கனவில் வந்தால் சாவு என்பது அவள் பிறந்த வீட்டுக் கணக்கு. பந்தல், மேளம், மாலை, எது வந்தாலும் காலையில் வீட்டில் இருக்கிற அத்தனை பேரும் கூடி உட்கார்ந்துவிடுவார்கள். நான் சிரித்தேன். சிரித்தது ஞாபகம் இருக்கிறது. "மேளச் சத்தம் இன்னும் நெஞ்சுக்குள்ளயே அடிக்கற மாதிரி இருக்கு. என்னமோ பண்ணுது. ஏதோ நடக்கப்போவுது, இன்னிக்கு எங்கயும் போவாதீங்க" என்றாள். நான் என்ன சொன்னேன். ஏதோ என்று உலகத்தில் ஒன்று கிடையாது சௌந்தரம் என்றேன். கனவு என்பது மூளை ராத்திரியில் செய்கிற குப்பை அள்ளும் வேலை என்றேன். அவள் இடது தோளை வலது கையால் அழுத்திக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. ஓடுகிற வண்டியிலிருந்து எந்தக் கம்பி தொய்ந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கிற கண் இது. தோளைப் பார்த்தேன், ஆனால் நான் கனவுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். கனவு பொய் என்று நிரூபிப்பதில் மும்முரமாக இருந்தேன். கனவு பொய்தான். இன்றைக்கும் அதைப் பொய் என்றுதான் சொல்வேன். நெஞ்சு பொய் இல்லையே.

இதைத்தான் நான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். ஏன் அவள் நேராகச் சொல்லவில்லை. எனக்கு நெஞ்சு வலிக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று ஒரு வாக்கியம். அவளுக்கு அந்த வாக்கியம் தெரியாது. அவள் வீட்டில் ஆறு பெண்கள், எவளுக்கு எங்கே வலித்தாலும் வேலையைப் பார் என்பார்கள். பல்லி கத்தியது, கெட்ட கனா வந்தது என்றால்தான் ஒரு வீடு ஒரு பெண்ணின் முகத்தைத் திரும்பிப் பார்க்கும். அங்கே கற்றுக்கொண்ட பாஷையோடு என் வீட்டுக்கு வந்தாள். என் வீட்டில் அந்தப் பாஷை செல்லாது. வந்த புதிதில் வயிற்றில் ஒரு கரு கலைந்தபோதும் முதல்நாள் காக்கா தலையில் தட்டிவிட்டது என்றுதான் சொன்னாள். நான் காக்காயின் பறக்கும் பழக்கத்தைப் பற்றி விளக்கினேன். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எதையும் சொல்லாமல் இருக்கக் கற்றுக்கொண்டாள். நான் வெளியே போன பிறகு உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போடுவாள், வாசனையை வைத்துக் கண்டுபிடித்துக் கேலி செய்வேன். அவளும் சிரிப்பாள். நல்ல குடும்பம், சண்டையே கிடையாது என்று பேர். ரொம்ப வருஷம் கழித்து அன்றைக்குத்தான் ஒரு கனவைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். அவ்வளவு பயந்திருந்தால்தான் வைத்திருப்பாள். சரி, போயிட்டு வாங்க என்றாள் கடைசியில். ஒன்பது பத்துக்கு வண்டியை எடுத்தேன். ஒன்பது நாற்பதுக்கு மகளைக் கூப்பிட்டிருக்கிறாள். என்னைக் கூப்பிடவில்லை. என் போனில் அவளுடைய அழைப்பு ஒன்றுகூட இல்லை, எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். சாகும்போதும் என்னிடம் விளக்கம் கேட்க அவளுக்குத் தெம்பு இல்லை.

முசிறியில் நாற்பது நிமிஷம் பேசினேன். மரணம் இயற்கை, அதை விதி என்பவன் வாழ்க்கையைக் கேவலப்படுத்துகிறான் என்றேன். எதுவும் எழுதப்படவில்லை, அதனால்தான் நாம் செய்கிற ஒவ்வொன்றுக்கும் மதிப்பு இருக்கிறது என்றேன். நல்ல பேச்சு. அந்த வாக்கியத்துக்கு முன்வரிசையில் ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒன்றரை மணிக்கு வீட்டுக்கு வந்தேன், சௌந்தரம் சமையலறையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், உடம்பு சில்லிட்டிருந்தது. எதுவும் எழுதப்படவில்லை. இந்த வாக்கியத்தை நம்பித்தான் அறுபத்துமூன்று வருஷம் வாழ்ந்தேன், அது என்னை நிமிர்ந்து நடக்கவைத்தது. எதுவும் எழுதப்படவில்லை என்றால் இதுவும் எழுதப்படவில்லை. அவள் சாக வேண்டியதில்லை. எல்லாம் நம் கையில் என்றால் அந்தக் காலைப்பொழுது என் கையில் இருந்தது. கை தட்டுகிறவனுக்கு இந்தப் பக்கம் தெரிவதில்லை, எனக்கே தெரியவில்லை. தருமலிங்கத்தின் விதியை வாங்கிக்கொண்டால் எனக்கு நிம்மதி உண்டு, ஆனால் அவள் சாவும் அர்த்தமில்லாததாகிவிடும், வாழ்ந்ததும் அப்படியே. எவனோ எழுதினதை நடித்துவிட்டுப் போனவளாகிவிடுவாள். அப்படி இல்லை. அவள் பேசினாள், நான் கேட்கவில்லை. அது இரண்டு மனுஷர்களுக்கு நடுவில் நடந்தது. அதில் மூன்றாவது ஆளை இழுக்க எனக்கு உரிமை இல்லை.

"சார், ஒருவாட்டி படிச்சுப் பாருங்க" என்று பர்வீன் தாளை நீட்டினாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். தோற்றம், மறைவு, படம், பெயர், எல்லாம் சரி. பெயருக்கு மேலே ஒரு வரி. விதியின் விளையாட்டால் எங்களை ஆறாத் துயரில் ஆழ்த்திவிட்டு என்று ஆரம்பித்து இயற்கை எய்தினார் என்று முடிந்தது. நான் அவளைப் பார்த்தேன். "பழைய பைலைத் திறந்து பேரை மட்டும் மாத்தறது சார், அந்த வரி அப்படியே நின்னுடுச்சு. ஸாரி சார்" என்றாள். நிஜமாகவே பயந்துவிட்டாள், எங்கள் ஆட்கள் இதற்கெல்லாம் சத்தம் போடுவார்கள், நானே போட்டிருக்கிறேன். பேனாவை வாங்கினேன். அடித்துவிட வேண்டியதுதான், ஒரு நொடி வேலை. பேனா வரிக்கு மேலே நின்றது. விட்டுவிட்டால் என்ன என்று நினைத்தேன், அதை ஒளிக்க விரும்பவில்லை. அச்சடித்து ஊர் முழுக்கக் கொடுத்துவிடலாம், செங்குட்டுவன் மனைவி போனதும் மாறிவிட்டான் என்று இரண்டு நாள் பேசுவார்கள், அப்புறம் என்னை யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. இசைமொழியும் ஜோசியர் சொன்ன கண்டத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநாள் ஓட்டுவாள். ஆனால் அவள் கணக்கு டீச்சர். நான் வளர்த்த பெண். ஒருநாள் ஜோசியர் தேய்ந்துபோவார், அந்த ஒன்பது நாற்பது மட்டும் அவளிடம் நிற்கும். அதுவும் தப்பான ஆளிடம் நிற்கும். என்னுடையதை அவள் சுமந்துகொண்டிருப்பாள், நான் தலையைத் தடவிக்கொடுத்துக்கொண்டே இருப்பேன். என்ன மனுஷன் நான். வரியை அடித்தேன். "அந்த இடத்துல கேப் விழும் சார், வேற என்ன போடட்டும்?" என்றாள். ஒண்ணும் வேணாம்மா, காலியா விடு என்றேன். மணி பதினொன்றே கால் ஆகியிருந்தது. இதோ வரேன் என்று வெளியே வந்தேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் இரைச்சல் அதிகம். கடைக்கும் பக்கத்து மருந்துக்கடைக்கும் நடுவில் ஒரு சந்து, அதில் நின்று கூப்பிட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள், இப்போதெல்லாம் எந்த அழைப்பையும் அவள் விடுவதில்லை. "சொல்லுங்கப்பா, சாப்ட்டீங்களா?" என்றாள். இசை, உங்கிட்ட நான் பொய் சொல்லிட்டேன் என்றேன். அன்னிக்குக் காலைல அம்மா எங்கிட்ட சொன்னா. நெஞ்சு என்னமோ பண்ணுதுன்னா. போவாதீங்கன்னா. நான் கேக்கல. நான் கேக்காம போனப்புறம்தான் உன்னைக் கூப்பிட்டிருக்கா. தப்பு உன்னோடது இல்லம்மா. அந்தப் பக்கம் பிள்ளைகள் எதையோ ஒப்பிக்கிற சத்தம் கேட்டது. ஜோசியர் சொன்னது, என்று ஆரம்பித்தேன், வாயை மூடிக்கொண்டேன். "அம்மா எப்படிச் சொன்னாங்களோ அப்படியே சொல்லுங்க" என்றாள். அப்பா என்ற வார்த்தை அதில் இல்லை. சொன்னேன். ராத்திரி கல்யாணக் கனவு வந்துச்சுங்க என்பதிலிருந்து, மேளம் நெஞ்சுக்குள் அடித்தது, ஏதோ நடக்கப்போவுது என்றது வரை, அவள் சொன்ன மாதிரியே, நடுவில் என் வார்த்தை ஒன்றையும் போடாமல் சொன்னேன். மருந்துக்கடைப் பையன் என்னை எட்டிப் பார்த்தான். இசைமொழி மூக்கை உறிஞ்சினாள்.

"யாருக்குக் கல்யாணமாம்?" என்றாள்.

"தெரியலம்மா. நான் கேக்கல."

"அதையாவது கேட்டிருக்கலாமேப்பா."

கேட்டிருக்கலாம். கண்ணாடி முன்னால் சட்டை மாட்டிக்கொண்டிருந்தவன் திரும்பி, யாருக்குக் கல்யாணம் சௌந்தரம் என்று கேட்டிருக்கலாம். அவள் உட்கார்ந்து சொல்லியிருப்பாள். மாப்பிள்ளை யார், பொண்ணு யார், யார் யார் வந்திருந்தார்கள் என்று அவளுக்குக் கதை சொல்ல நேரம் பிடிக்கும், அதுவரை நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன். வேர்வையைப் பார்த்திருப்பேன். கேட்கக் கூடாது என்று யாரும் எங்கேயும் எழுதி வைத்திருக்கவில்லை. ஆமாம்மா, கேட்டிருக்கலாம் என்றேன்.